பதினொன்றாம் தாளின் விளிம்பு

"உங்க அக்காவுக்குப் பதினாலாவது மாடியில ஒரு வீடாமே, உண்மையா?"

சனிக்கிழமை, கடையில் பணம் கட்டும் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். கேட்டவர் எங்கள் பழைய தெருக்காரர்தான். மருந்துக்கடைக்காரரின் இரண்டாவது மகன். எனக்கு முன்பே இந்த நாட்டுக்கு வந்துவிட்டவர். அவருக்குச் சொன்னது அவருடைய மச்சான். மச்சானுக்குச் சொன்னது சலூனில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த யாரோ.

"தெருவையே பச்சையாக்கிக் குடுத்துட்டாங்களாம். அதுக்குப் பதிலா அடுக்குமாடிக் கம்பெனிக்காரன் மூலை வீடாப் பாத்து ஒதுக்கி வச்சிருக்கானாம். ரெண்டு பக்கமும் ஜன்னலாம். எனக்கென்னப்பா, கேட்டதைச் சொல்றேன்."

அந்த இரண்டு பக்க ஜன்னல்தான் என்னைத் தைத்தது. இவ்வளவு விவரத்தோடு யாராவது பொய் சொல்வார்களா என்று கேட்கிறவர்கள் நினைப்பார்கள். "இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பின்னால் நின்றவர் தள்ளுவண்டியால் என் குதிகாலை இடித்தார். நான் சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் வந்ததால்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

அக்கா நகரமைப்பு அலுவலகத்தில் வரைவாளர். முப்பத்தொரு வருடமாக நகரசபைக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், ஜன்னலோரத்தில், சாய்வு மேசை முன்னால் இருக்கிறாள். ஊரில் எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்று காட்டும் வரைபடத்துக்கு வண்ணம் போடுவது அவள் வேலை. வீடுகளுக்கு மஞ்சள், கடைகளுக்கு நீலம், தொழிற்சாலைக்கு ஊதா. பூங்காவுக்கும், எதுவுமே கட்டக் கூடாத இடத்துக்கும் பச்சை. பென்சிலால் மெல்லத் தீட்டிவிட்டுப் பஞ்சைப் பெட்ரோலில் தொட்டுத் தேய்ப்பாள். கீறல் கீறலாக இருந்த வண்ணம் கரைந்து ஒரே சீராகப் பரவும். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் விரலில் அந்த வாசனை நிற்கும். மாமா, அதாவது அக்காவின் கணவர், பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். "ரெண்டு பேர் மேலயும் பெட்ரோல் நாத்தம். பொருத்தம்னா இதுதான்யா பொருத்தம்" என்று கல்யாணமான புதிதில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார்.

தெருவில் அவளுக்குக் 'கலர் அக்கா' என்று பெயர். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மாமா புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்தால், "இது என்ன, தொழிற்சாலையா?" என்பாள். ஊதாச் சட்டை. அவள் அடிக்கடி ஜோக் சொல்கிறவள் இல்லை. அந்த ஒன்றையே இருபது வருடமாகச் சொல்லி வந்தாள். மாமாவும் இருபது வருடமாகச் சிரித்து வந்தார்.

அலுவலகத்தில் மற்றவர்கள் செய்யாத ஒன்றை அவள் செய்வாள். ஒரு தெருவுக்கு வண்ணம் போடுவதற்கு முன்னால் அந்தத் தெருவில் நடந்துவிட்டு வருவாள். சனிக்கிழமைகளில், சொந்தக் காசில் பஸ் ஏறிப்போய், செருப்புத் தேய. காய்கிற துணி இருக்கிறதா, தபால் பெட்டி நிரம்பி வழிகிறதா, யாராவது வாசலில் செடி வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பாள். "காகிதத்துல வீடுன்னு போட்டிருக்கும், போய்ப் பாத்தா வெறும் சுவரு நிக்கும். நான் பாட்டுக்கு மஞ்சள் அடிச்சுட்டா?" என்பாள். எனக்கு அது வேண்டாத வேலையாகத் தெரிந்தது. சொல்லியும் இருக்கிறேன். "நீ கம்ப்யூட்டர்ல உக்காந்துக்கிட்டே எல்லாம் பாக்குறவன், போடா" என்றாள்.

ஊர் வீங்கிக்கொண்டே போயிற்று. எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த பழைய மரக்கிடங்கு நிலத்தை ஒரு கம்பெனி வாங்கி, நான்கு கோபுரங்களாக அடுக்குமாடி கட்டுவதற்கு அனுமதி வாங்கியிருந்தது. கோபுரங்களுக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவில் ஒரு பூங்கா. அது வரைபடத்தில் பச்சை. அதை ஒட்டி எங்கள் தெரு, பதினொரு வீடுகள். அது எப்போதும் மஞ்சள்.

பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை வரைபடத்தைப் புதிதாகப் போடுவார்கள். இந்த முறை ஊர் இருபத்துநான்கு தாள்களாக வந்தது. பக்கத்துப் பக்கத்துத் தாள்களை ஒட்டிப் பார்ப்பதற்காக, விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரே இடத்தை இரண்டு தாளிலும் வரைந்திருப்பார்கள். அந்தப் பட்டைக்கு இரண்டு பேரும் வண்ணம் போட்டால் ஒன்றுக்கொன்று பொருந்தாது. அதனால் எண் குறைந்த தாளை வைத்திருப்பவர் போட வேண்டும், அடுத்தவர் வெள்ளையாக விட்டுவிட வேண்டும். இது அந்த அலுவலகத்தின் பழைய வழக்கம். எங்கள் தெரு முழுவதும், அந்தப் பதினொரு வீடும், பதினொன்றாம் தாளுக்கும் பன்னிரண்டாம் தாளுக்கும் நடுவிலுள்ள பட்டைக்குள் விழுந்தது. பதினொன்றாம் தாள் அக்காவிடம் வந்தது.

அவள் நேராகத் தலைமை வரைவாளரிடம் போனாள்.

"சார், பதினொண்ணோட விளிம்புல என் வீடு வருது. அந்தப் பட்டையில மட்டும் நான் கை வைக்கல."

"வீட்டுக்கு மஞ்சள்தானேம்மா அடிக்கப்போறீங்க? தங்கமா அடிக்கப்போறீங்க?"

"நாளைக்கு யாராவது கேட்டா, தன் வீட்டுக்குத் தானே போட்டுக்கிட்டான்னு ஆயிடும் சார்."

"உங்களோட பெரிய ரோதனை. சரி, விடுங்க. பன்னெண்டுக்காரர்கிட்ட நான் சொல்லிக்கிறேன், அவர் போடட்டும்."

முப்பத்தொரு வருடத்தில் ஒரு பென்சில் வாங்குவதற்குக்கூட எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கியவள், இதை மட்டும் வாய்ப்பேச்சோடு விட்டாள். ஏன் என்று கேட்டேன். "இதைப் போய் எழுதிக் குடுங்கன்னு கேட்டா, அவரை நம்பலைன்னு ஆயிடாதா?" என்றாள்.

தலைமை வரைவாளர் மறந்துவிட்டார். பன்னிரண்டாம் தாள்காரர் வழக்கப்படி பட்டையை வெள்ளையாக விட்டார். இரண்டு தாளிலும் வெள்ளை. கீழ்த்தளத்தில் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற பெண் பார்த்திருக்கிறாள். வெள்ளையை அந்த இயந்திரம் ஏற்றுக்கொள்ளாது, ஏதாவது ஒரு வண்ணம் வேண்டும். பட்டையின் நீண்ட பக்கத்தைத் தொட்டுக்கொண்டு கிடந்தது பூங்காவின் பச்சை. அவள் ஒரு தட்டுத் தட்டினாள். பதினொரு வீடும் பூங்காவோடு போயின.

பச்சை என்றால் நாளைக்கே இடித்துவிட மாட்டார்கள். ஆனால் கூடுதலாக ஒரு அறை போட முடியாது, மாடி எழுப்ப முடியாது. சுவர் விழுந்தால் திரும்பக் கட்ட அனுமதி கிடையாது. இருக்கிறவர்கள் இருக்கலாம், வீடு தானாக விழுகிற வரைக்கும்.

வரைபடத்தை நகரசபைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் முப்பது நாள் மாட்டி வைத்தார்கள். ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுக்கலாம் என்று பக்கத்தில் ஒரு பெட்டி. எங்கள் தெருவிலிருந்து ஒருவரும் போகவில்லை. அக்காவின் பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம் யாரோ, "போய்ப் பாக்கலையா?" என்று கேட்டிருக்கிறார்கள். "நம்ம தெருவுல கலர் அக்காவே இருக்காங்க. ஒண்ணுன்னா சொல்ல மாட்டாங்களா? நமக்கென்ன மேப்பா தெரியும்?" என்றாராம் அவர். பதினொரு வீட்டிலும் அதே நம்பிக்கைதான்.

அக்கா அந்த வரைபடத்தைத் தினமும் இரண்டு முறை கடந்துபோனாள், படியேறும்போதும் இறங்கும்போதும். எங்கள் தெருவை நின்று பார்க்கவில்லை. மற்ற இருபத்திரண்டு தாள்களையும் முதல் நாளே சரிபார்த்துவிட்டாள். பதினொன்றையும் பன்னிரண்டையும் அந்தப் பட்டை தொடங்குகிற இடம் வரைக்கும்தான் பார்த்தாள். "என் தெருவை நான் உத்துப் பாத்துக்கிட்டு நின்னா, பாக்குறவங்க என்னடா நினைப்பாங்க?" என்றாள் என்னிடம்.

முப்பது நாள் முடிந்தது. முப்பத்துநாலாவது நாள் மாலை தையல்காரர் வந்து கதவைத் தட்டினார். கையில் ஒரு காகிதம். அவருடைய மகள் கைக்குழந்தையோடு திரும்பி வந்துவிட்டாள். தையல் மெஷின்களுக்கு நடுவில் பாய் விரித்துப் படுக்கிறாள். மாடியில் ஒரு அறை போடலாம் என்று விண்ணப்பித்திருந்தார்.

"கலர் அக்கா, இதுல என்னமோ போட்டிருக்கு. திறந்தவெளியாம். எது திறந்தவெளி? என் வீட்டுக்குக் கூரை இருக்குல்ல?"

அக்கா வாங்கிப் படித்தாள். மறுபடி படித்தாள்.

"தப்பா வந்திருக்கு. நான் நாளைக்குப் போய்ப் பாக்குறேன்."

"தப்பா? உங்க ஆபீஸ்லயா? நீங்க இருக்கும்போதா?"

அவர் அதை ஆச்சரியமாகத்தான் கேட்டார். குற்றமாகக் கேட்டது மறுநாள்தான். தாள் பதினொன்று யாரிடம் இருந்தது என்பது அதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் அக்கா திருத்தக் கடிதம் எழுதிக்கொண்டு போனாள். தலைமை வரைவாளர் அதை மேசை மேல் அவள் பக்கமே திருப்பித் தள்ளிவிட்டார்.

"இதுல யாரு வீடு இருக்கு?"

"பதினொரு வீடு சார்."

"உங்க வீடு இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"ஆட்சேபம் சொல்ல நாள் முடிஞ்சாச்சு. இப்போ ஆபீஸ்ல வேலை பாக்குறவங்க, தன் வீட்டுக்கு, தானே திருத்தம் கேட்டு எழுதறாங்க. எவன்மா கையெழுத்துப் போடுவான்?"

அன்றைக்குச் சாயங்காலம் கம்பெனி ஆட்கள் தெருவில் டேப் பிடித்து அளந்தார்கள். உண்மையில் அவர்கள் பூங்காவின் வேலிக்காகத்தான் அளந்தார்கள். ஆனால் தெரு பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு வாரத்தில் தெருப் பேச்சில் அக்காவுக்குக் கோபுரத்தில் வீடு முடிவாகிவிட்டது. முதலில் ஆறாவது மாடி. பிறகு யாரோ பத்து என்றார்கள். கடல் தாண்டி எனக்கு வந்து சேரும்போது பதினான்கு.

அக்கா தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு நின்றது. மாமா கடைக்குப் போனால், "என்ன சார், லிப்ட்டுல ஏறிப் பழகிட்டீங்களா?" என்று கேட்டார்கள். மாமா வழக்கமாக எதற்கும் பதில் வைத்திருப்பார். அன்றைக்கு வாங்க வந்ததை வாங்காமல் திரும்பினாராம்.

நகரசபைக் கூட்டத்தில் வரைபடத்தை நிறைவேற்றுகிற நாள் வந்தது. ஊழியர்கள் அங்கே பேசக் கூடாது. அக்கா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, குடியிருப்பவளாகப் போய்ப் பொதுமக்கள் இருக்கையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் மாமா. பின்வரிசையில் தையல்காரரும் தெருக்காரர்கள் நான்கு பேரும். அங்கே நடந்ததை மாமா எனக்குச் சொன்னார்.

"ஆட்சேபம் எதுவும் வரவில்லை" என்று வாசித்தார்கள். அக்கா எழுந்து, பதினொன்றாம் தாளின் விளிம்பு வெள்ளையாக விடுபட்டதால் தன் தெரு தவறாகப் பச்சையாகிவிட்டது என்றாள்.

சபைத்தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "எந்த வீடு? என்ன வேலை?"

அக்கா சொன்னாள்.

"அந்தத் தாளைப் போட்டது?"

"நான்தான் மேடம்."

"அப்போ அந்த இடத்தை வெள்ளையா விட்டது?"

"நான்தான். என் வீடு இருந்ததால விட்டேன். வேற ஒருத்தர் போடறதா ஏற்பாடு."

"யார் ஏற்பாடு?"

அக்கா தலைமை வரைவாளரைப் பார்த்தாள். அவர் மேடைக்குக் கீழே, கோப்புகளோடு உட்கார்ந்திருந்தார். ஒரு கோப்பைத் திறந்து குனிந்துகொண்டார். இரண்டு மாதத்தில் ஓய்வு பெறப்போகிறவர். அக்கா அவர் பெயரைச் சொல்லவில்லை.

"சரி, அந்தத் தெருக்காரங்க வேற யாராவது வந்திருக்கீங்களா? எழுந்து சொல்லுங்க, கேட்டுக்கறோம்" என்றார் சபைத்தலைவி. நல்லெண்ணத்தோடுதான் கேட்டார் என்கிறார் மாமா. ஐந்து பேர் எழுந்திருந்தாலே போதும், அன்றைக்கே அந்தப் பட்டையை மட்டும் நிறுத்தி வைத்திருப்பார்கள்.

பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது. மாமா திரும்பிப் பார்த்தார். தையல்காரர் கால்மேல் கால் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். "எல்லாம் நாடகம். அவங்களே பண்ணிட்டு அவங்களே அழுவாங்க, நாம போய்ப் பின்பாட்டுப் பாடணுமாக்கும்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். அக்காவுக்குக் கேட்டது.

வரைபடம் அப்படியே நிறைவேறியது. அக்காவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்து, ஏழு நாளில் விளக்கம் எழுதித் தரச் சொன்னார்கள்.

ஐந்தாவது நாள் தலைமை வரைவாளர் வீட்டுக்கே வந்தார். மாமா தேநீர் கொடுத்தார். அவர் கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினார்.

"கவனக்குறைவால விட்டுட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்கம்மா. ஊழியர் தவறுன்னு ஆயிட்டா, ஆட்சேபம் கீட்சேபம் ஒண்ணும் வேண்டாம், அடுத்த கூட்டத்துலயே திருத்திடலாம். தெரு மஞ்சள் ஆயிடும்."

"என் வேலை?"

"அது போயிடும். பொய் சொல்ல விரும்பல."

"நீங்க சொன்னதாலதான் விட்டேன்னு எழுதினா?"

"விசாரணை வைப்பாங்க. அது முடியற வரைக்கும் அந்தத் தாளை யாரும் தொட முடியாது. ரெண்டு வருஷமோ, மூணு வருஷமோ."

"நீங்க சொன்னீங்கதானே சார்?"

"ஞாபகம் இல்லம்மா."

"ஞாபகம் இல்லையா, சொல்லலையா?"

"இந்த வயசுல ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல" என்றார். மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்காக இன்னும் தன்னைத் திட்டிக்கொள்கிறார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை அக்கா கூப்பிட்டாள். முந்தின நாள் கடை வரிசையில் நான் கேட்டதை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு வேறு ஒன்று தேவைப்பட்டது.

"ஏண்டா, நீ ரெண்டு பாஷை படிச்சவன். கவனக்குறைவுங்கறதுக்கு வேற வார்த்தை இருக்கா?"

"எந்த மாதிரி?"

"நான் அந்த இடத்தை விட்டேன்ங்கறது வரணும். அசட்டையா விட்டேன்னு வரக் கூடாது. ஆனா அவங்களுக்கு அது போதுமானதா இருக்கணும்."

இரண்டு பாஷையிலும் தேடினேன். அவளுக்குப் பிடித்த வார்த்தை அவர்களுக்குப் போதாது, அவர்களுக்குப் போதுமானது அவளைக் கொல்லும்.

"எழுதாதே அக்கா. நடந்ததை எழுது. அவர் பேரைப் போடு."

"போட்டா மூணு வருஷம். தையல்காரர் பொண்ணு மூணு வருஷம் மெஷினுக்கு நடுவுலயா படுப்பா?"

"அந்த ஆள்தானே உன்னை நாடகம்னு சொன்னான்?"

"சொன்னாரு. அதுக்கு? குழந்தைக்குத் துணித் தூசியில மூக்கடைச்சுக்குது, அழுறது ராத்திரியெல்லாம் இங்க கேக்குது."

"நீ எழுதிக் குடுத்தா தெருவுல என்ன சொல்வாங்கன்னு நினைச்சியா? பாத்தியா, அவளே ஒத்துக்கிட்டாம்பாங்க. அந்த மஞ்சளை யாரும் உன் கணக்குல வைக்க மாட்டாங்க."

குழாய் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"அது தெரியும்டா" என்றாள். "வச்சிடறேன், அரிசி கொதிக்குது."

இன்றைக்கு ஏழாவது நாள். அவர்கள் ஊரில் பகல் பன்னிரண்டு மணிக்குள் கொடுக்க வேண்டும். காலையிலிருந்து என்னால் வேலை பார்க்க முடியவில்லை. சனிக்கிழமை கேட்டதை அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு நிமிடம் தோன்றுகிறது. உலகத்தின் இந்த மூலைவரை வந்துவிட்ட பேச்சை ஒரு வரி எழுதிக் கொடுத்து அழிக்க முடியாது, வேலையையாவது காப்பாற்றிக்கொள் என்று சொல்ல வேண்டும். அடுத்த நிமிடம், அதைச் சொல்லாமல் இருப்பதுதான் நான் அவளுக்குச் செய்யக்கூடிய ஒரே நல்ல காரியம் என்று படுகிறது. எதைச் சொல்லப்போகிறேன் என்று முடிவு செய்யாமலே மாமாவின் எண்ணைத்தான் முதலில் அழுத்தினேன்.

"ஒன்பது மணிக்கே கிளம்பிட்டா" என்றார். "ராத்திரி உக்காந்து ரெண்டு கடிதமும் எழுதி வச்சா. அப்படி ஒண்ணு, இப்படி ஒண்ணு. ஒரே அளவுத் தாள், ஒரே கையெழுத்து. எதுன்னு கேட்டேன், சொல்லல. எது மேசை மேல மிச்சம் கிடக்குதோ அதை வச்சுத் தெரிஞ்சுக்கலாம்னு விட்டுட்டேன்."

"எது கிடக்கு மாமா?"

"ஒண்ணும் இல்லடா. ரெண்டையும் எடுத்துட்டுப் போயிட்டா."

"நீங்க கூடப் போயிருக்கலாம்ல?"

"வேண்டாம்னுட்டா. நடந்து போறேன்னா."

அங்கே இப்போது மணி பதினொன்றே முக்கால். அக்காவின் எண்ணை அழுத்தினேன். மணி போகிறது. நகரசபைப் படிக்கட்டில் இருக்கலாம். ஏதாவது ஒரு தெருவில் நின்று யார் வீட்டிலோ காய்கிற துணியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். தலைவரின் மேசை முன்னால் நின்றுகொண்டிருந்தால் அவள் எடுக்க மாட்டாள், வேலை நேரத்தில் போன் எடுக்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினேன். மணி போகிறது.